ஆறங்குல மாதா

மொன்றியல் பழைய துறைமுகத்துப் பொன்செக்கூர் மாதா கோயிலின் உச்சியில் ஆற்றைப் பார்த்துக் கைவிரிக்கும் பெரிய சிலை நம்மைத் தொடவில்லை; அது கப்பல்களுக்கான விளம்பரம் போலிருக்கிறது. உள்ளேயிருக்கும் மரச்சுரூபம் ஆறங்குலந்தான். 1672இல் மார்கிரித் பூர்ஜுவா பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. 1754இல் கோயில் எரிந்தபோதும் இது சாம்பலுக்குள் வேகாமற் கிடந்ததாம். கரைசேர்ந்த மாலுமிகள் நேர்த்திவைத்துக் கொடுத்த கப்பல் விளக்குகள் மேலே தொங்குகின்றன.

மூடநம்பிக்கை என்று சிரிக்க, கோப்பை கழுவும் நமக்கு வாய் வரவில்லை. மடுமண் பாம்புக்கடிக்கு மருந்தென்று நம்பிய சனங்கள் நாம். அந்த மடுமாதாவும் 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்தவர்களோடு மாந்தையைவிட்டு வந்தவ; 2008இல் தேவன்பிட்டிக்கு மறுபடியும் இடம்பெயர்ந்தவ. இரண்டும் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய சுரூபங்கள். உச்சியில் நிற்கும் சிலைக்கு அது ஏலாது.

1986இல் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நம்மவர் 155 பேர் மிதந்தார்கள். அந்தப் படகுகளையும் யாராவது செதுக்கி அங்கே தொங்கவிடலாம்.