தீர்க்கதரிசி என்னும் பட்டம்

அறிவியல், மருத்துவச் செய்திகளை எழுதியவர்கள் மறைந்தால் நாம் எழுதும் இரங்கலுரைக்கு ஒரு வாய்பாடு உண்டு. பிறந்த ஊர், வாங்கிய விருது, கடைசியில் ஒரு பட்டம். போபால் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 2021 மே 21 அன்று, எழுபதாம் வயதில் காலமானபோது பலரும் அவருக்குச் சூட்டியது, விஷவாயு விபத்தை முன்பே சொன்ன 'தீர்க்கதரிசி' என்ற பட்டம். என் ஆட்சேபணை இந்தச் சொல்லின் மேல்தான். கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கிறது; ஆனால் அவர் செய்த வேலையை மறைத்துவிடுகிறது.

நம் காப்பியங்களில் நிமித்திகன் வருவான். சிலப்பதிகாரத்தில் இளங்கோவுக்கு அரசாளும் பொறி உண்டு என்று ஒருவன் சொல்கிறான். அவனிடம் ஆதாரம் எங்கேன்னு யாரும் கேட்பதில்லை. கேஸ்வானியின் கதை அப்படிப்பட்டதா?

1981 டிசம்பரில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையில் பாஸ்ஜீன் வாயு தாக்கி அஷ்ரப் கான் என்ற தொழிலாளி இறந்தார். அவர் கேஸ்வானியின் நண்பர். அந்த வாயு எத்தகையது என்று கேஸ்வானி தேடிப் படித்தார். தொழிலாளர்களை விசாரித்தார். கம்பெனியே 1982-இல் தயாரித்த பாதுகாப்பு ஆய்வறிக்கையைத் தேடிப் பெற்றார். பிறகுதான் தம் சிறிய இந்தி வார இதழான 'ரபட்'டில் அதே ஆண்டு எச்சரிக்கைக் கட்டுரைகளை எழுதினார்.

குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். நகரம் எரிமலை வாயில் இருப்பதாகத் தலைப்பு வைத்தார். தீர்க்கதரிசிப் பட்டத்துக்கு அந்தத் தலைப்புகளே ஓரளவு காரணம். ஆனால் அவற்றுக்கு அடியில் இருந்த சரக்கு, எவரும் சோதித்துப் பார்க்கக்கூடிய சரக்கு.

1982 டிசம்பரில் மாநில அமைச்சர் ஆபத்து ஏதும் இல்லை என்று சட்டசபையில் சொன்னார். 1984 ஜூனில் 'ஜன்சத்தா' நாளிதழில் கேஸ்வானி மறுபடியும் எழுதினார். டிசம்பர் 2, 3-க்கு இடைப்பட்ட இரவில் ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறியது. குளிரூட்டும் இயந்திரம் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரம் பழுதுபார்ப்பில் இருந்தது. மாநில அரசு ஒப்புக்கொண்ட சாவு மட்டும் 3,787. மற்றவர்கள் சொல்லும் கணக்கு இதைவிட மிகப் பெரிது.

இருப்பு குறைகிறது என்று கணக்குப்பிள்ளை பேரேட்டைக் காட்டினால் அவரை ஜோசியர் என்போமா? வியாபாரியான எனக்கு இந்த விஷயம் அப்படித்தான் தெரிகிறது. ஜோசியத்தை நம்பாதவன் பேரில் குற்றம் இல்லை. பேரேட்டைப் பார்க்க மறுத்தவன் பதில் சொல்லியே ஆகணும். தீர்க்கதரிசி என்று நாம் கும்பிடும்போது, கேட்க மறுத்தவர்கள் சத்தமில்லாமல் தப்பித்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, இளம் செய்தியாளர்களும் அது தெய்வ அருள், நமக்கு வராதுன்னு ஒதுங்கிவிடுவார்கள். அவர் செய்ததோ கற்றுக்கொள்ளக்கூடிய வேலை.

பிற்காலத்தில் 'முகல்-ஏ-ஆஸம்' படம் உருவான வரலாற்றையும் அவர் நூலாக எழுதினார். பழைய சினிமாவானாலும் விஷவாயுவானாலும் ஆவணம் தேடும் புத்தி ஒன்றுதான்.

இந்தியில் 'ரபட்' என்றால் அறிக்கை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதித் தரும் புகாருக்கும் அதே பெயர். தம் இதழுக்கு அவர் வைத்த அந்தப் பெயரே அவருக்கு நாம் தரும் பட்டத்தைவிடப் பொருத்தம். புகார் எழுதியவரைக் கும்பிட வேண்டியதில்லை. புகாரை வாங்கிப் படிக்க வேண்டும்.