முராகபாவும் முஹாஸபாவும்

உலகில் போர் மூளுந்தோறும் உள்ளத்தின் அமைதியைப் பற்றிய பேச்சும் பெருகக் காண்கிறோம். அவ்வமைதி எத்தகையது என ஆராய்வாரோ சிலரே.

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில், 1996ஆம் ஆண்டு ‘போதி ஜென்டோ’ என்னும் தியான இல்லம் நிறுவப்பட்டது. நிறுவியவர் இயேசு சபைத் துறவியான அமா சாமி. ஜப்பானியரான யமதா கோவுனிடம் ஜென் நெறி பயின்றவர். பல நாட்டவரும் அங்கு வந்து மௌனம் பழகுகின்றனர். திக்ரையும் கல்வத்தையும் அறிந்த நமக்கு அம்மௌனம் அந்நியமானதன்று. ஆயினும், மௌனம் வேறு, சமாதானம் வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்தும் நூல், பிரையன் விக்டோரியா 1997இல் வெளியிட்ட ‘ஜென் அட் வார்’.

நூலாசிரியர் அமெரிக்கர், சோட்டோ ஜென் பிரிவில் குருவானவர். வியட்நாம் போரை எதிர்த்து இயங்கியதற்காக, 1970இல் அப்பிரிவின் மூத்தவர் ஒருவர் அவரை அழைத்து, குருமார்க்கு அரசியல் ஆகாதென எச்சரித்தார். அங்ஙனமாயின் இரண்டாம் உலகப் போரில் அக்குருமார் யாது செய்தனர்? இவ்வினாவே நூலாக விரிந்தது. அவர் கண்ட விடை கசப்பானது. மன்னருக்குப் பணிதலையும் போரில் மடிதலையும் பலர் ஞானமாகவே போதித்திருந்தனர். யமதா கோவுனின் ஆசிரியரான யாசுதானி, 1943இல் எழுதிய நூலில் கொல்லாமை நோன்பையே வளைத்து, கொல்லத்தக்க தீயோனைக் கொல்லாது விடுவதே நோன்பை முறிப்பதாகும் எனப் பொருள் கூறினார்.

நூலில் குறை இல்லாமல் இல்லை. டி. டி. சுஸுகியின் கூற்றுகளை இடம் பெயர்த்துக் காட்டினார் என 2008இல் சாத்தோ கெம்மியோ மறுத்தெழுதினார்; அம்மறுப்பையும் சேர்த்துப் படிப்பதே நீதி. எனினும் மூல வழக்கு வீழ்ந்துவிடவில்லை. சோட்டோ பிரிவே 1992இல் தன் போர்க்காலச் செயலுக்கு வருத்தம் தெரிவித்து அறிக்கை வெளியிட்டது. ஆசானின் ஆசான் செய்த பிழைக்குப் பெருமாள்மலையார் பொறுப்பாளர் அல்லர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

நூல் நம்மிடம் எழுப்பும் வினா இதுதான்: ஆண்டுக்கணக்கில் தியானித்த உள்ளம் கொலையை எவ்வாறு நியாயமெனக் கண்டது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’வில் விடைக்கு வழி இருக்கிறது. அந்நூலின் முப்பத்தெட்டாம் பகுதி முராகபாவையும் முஹாஸபாவையும் இணைத்தே பேசுகிறது. முராகபா, இறைவன் தன்னைப் பார்க்கிறான் என்ற விழிப்பு; முஹாஸபா, தன் செயலுக்குத் தானே கணக்குக் கேட்டல். முன்னது தனித்து நின்றால் இனிய மயக்கமாய் முடியலாம். யாசுதானியிடம் விழிப்பு இருந்தது. அவ்விழிப்பைக் கேள்வி கேட்கும் கணக்கு இல்லை என்பதே நம் முடிபு.

இதைச் சொல்லும் நாம் நம் அலமாரியையும் திறந்து பார்த்தல் வேண்டும். தமிழ் முஸ்லிம் புலவர்கள் ‘படைப்போர்’ என்றொரு இலக்கிய வகையையே வளர்த்தனர். அவற்றின் சொல்வளத்தைப் போற்றும் நாம், ஹிஜ்ரி 6இல் நடந்த ஹுதைபிய்யா உடன்படிக்கைக்கு அத்துணை இடம் தந்தோமா? தோழர்களின் மனம் பொறாத நிபந்தனைகளை நபிகள் நாயகம் (ஸல்) ஏற்றார்கள். ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற சொல்லைப் பத்திரத்திலிருந்து நீக்கவும் இசைந்தார்கள். அதனை வெற்றியென்றே திருமறை அறிவித்தது. அங்கே அமைதி ஓர் உணர்ச்சியாக நிற்கவில்லை. எழுதிக் கொடுத்துக் காத்த வாக்காக விளங்கிற்று.

2023இல் காஸாவில் போர் மூண்டபின் நம்மிடையே இரு குரல்கள் எழுந்தன. திக்ரு மஜ்லிஸில் அமர்வது கோழைத்தனம் என்றது ஒன்று. உலகச் செய்தி கல்பைக் கெடுக்கும் என்றது மற்றொன்று. முன்னவர் முராகபாவை இழக்கின்றனர். பின்னவர் முஹாஸபாவை இழக்கின்றனர். இரவில் தஸ்பீஹை எடுக்கும் கை, பகலில் எந்தக் கொடுமைக்குத் துணைபோயிற்று, எதைக் கண்டும் வாளாவிருந்தது என்று எண்ணிப் பார்க்கட்டும். அக்கணக்கைக் கேட்கத் தூண்டுவதால், வேற்று நெறியைப் பற்றிய இந்நூலை நம் மாணவர்களும் படித்தல் நன்று.