சும்மா காமெடி தம்பி!

தேன்கனிக்கோட்டையில் ஒரு டீக்கடை. எல்லையோர ஊர் இல்லையா... தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே கல்லாவில் சில்லறை மாறும். டி.வி.யில் 'சிவாஜி' ஓடிக்கொண்டிருந்தது. அங்கவை, சங்கவை காட்சி வந்ததும் கடையே சிரித்தது. நானும்தான்.

பெஞ்சில் ஒரு ஒடிசா பையன். ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலை. "அண்ணா, அந்தப் பொண்ணுங்க என்ன தப்பு பண்ணாங்க?" என்றான். அவனும் கறுப்பு. நானும் கறுப்பு.

அங்கவை, சங்கவை என்பது பாரி மகளிரின் பெயர்கள். புறநானூற்றில் அவர்கள் பாட்டு இருக்கிறது. 2007-ல் ஷங்கர் அந்தப் பெயர்களை இரண்டு பெண்களுக்கு வைத்து, முகத்தில் கறுப்பை அப்பி, நம்மைச் சிரிக்க வைத்தார். அப்பாவாக நடித்தவர் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா! அதே படத்தில், கறுப்பை ஸ்டைலாக்கிய ரஜினி, வெள்ளையாவதற்குப் படாத பாடு படுவார்.

இதே நாம்தான் 1968-ல் வந்த 'படோசன்' இந்திப் படத்தை இன்னும் மன்னிக்கவில்லை. அதில் மெஹ்மூத் குடுமி வைத்து, மதராஸி பாட்டு வாத்தியாராகக் கோணங்கி பண்ணுவார். நம் கோபம் நியாயம்தான். அமெரிக்காவின் 'சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூனில் கடைக்காரர் அபுவுக்குக் குரல் கொடுத்து வந்த வெள்ளைக்காரர் ஹாங்க் அஸாரியா, எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2020-ல் விலகிக்கொண்டார். அந்தக் கேலிக்குத் தமிழன், பிகாரி, சிங்களவன் எல்லாம் ஒன்றுதான்.

நான் படித்தது பி.காம். நமக்கு வரவேண்டியதை மட்டும் எழுதி, கொடுக்கவேண்டியதை மறைத்தால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை, கள்ளக்கணக்கு.

வெளிமாநிலத் தொழிலாளி மீதான வெறுப்பைப் பற்றி பாஸ்கர் சக்தி ஒரு படம் எடுத்தார். 'வடக்கன்' என்ற தலைப்புக்கு சென்சார் ஒப்புக்கொள்ளவில்லை. 2024-ல் 'ரயில்' என்று வந்தது. தலைப்பு போய்விட்டது, வார்த்தை மட்டும் டீக்கடையில் பத்திரமாக இருக்கிறது. இத்தனைக்கும் நம் சூப்பர் ஸ்டார், மராத்தி பேசும் வீட்டில் பிறந்து, பெங்களூரில் கண்டக்டராக இருந்தவர். பூர்வீகம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து நாச்சிக்குப்பம். வந்தவரைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் நமக்குத் தெரியும்.

பையனுக்கு என்ன பதில் சொன்னேன் என்கிறீர்களா?

"சும்மா காமெடி தம்பி..."

'படோசன்' பார்த்துச் சிரித்தவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.