மழலையை அளக்கும் மரக்கால்

பொன்னை நிறுக்கும் தராசினால் நெல்லை நிறுப்பாரில்லை. நெல்லை அளக்கும் மரக்காலாற் பொன்னை அளப்பாருமில்லை. அளக்கப்படும் பொருளையும் அளத்தலின் நோக்கத்தையும் கருதியே கருவியைத் தெரிதல் வேண்டும். குழந்தைகளின் வளர்ச்சியை அளக்கும் துறையில் இவ்வுண்மை எப்பொழுதும் போற்றப்பட்டதெனக் கூறுதற்கில்லை.

ஒரு குழந்தையை அறிதல் வேறு. ஒரு நாட்டின் குழந்தைகளை அறிதல் வேறு. 1969 இல் அமெரிக்க உளவியலறிஞர் நான்சி பெய்லி வெளியிட்ட அளவை முன்னதற்கு உரியது. பயிற்சி பெற்ற ஒருவர் உரிய பொருள்களைக் குழந்தையின் முன் வைத்து, அதன் செயல்களை நேரிற் கண்டு மதிப்பிடுவர். நுட்பமான இம்முறையைப் பல்லாயிரம் வீடுகளுக்குக் கொண்டுசெல்லல் எளிதன்று. செலவும் காலமும் மிகும். அன்றியும், அதன் நியமங்கள் அமெரிக்கக் குழந்தைகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை.

ஆதலின், நாடளாவிய ஆய்வுக்குச் சுருங்கிய வினாக்கொத்து வேண்டப்பட்டது. 2009 ஆம் ஆண்டளவில் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் தன் வீட்டுவாரி ஆய்வுகளிற் புகுத்திய சுட்டெண், 36 முதல் 59 மாதம் வரையான குழந்தைகளைப் பற்றித் தாய்மாரிடம் 10 வினாக்களை வினவியது. சுருக்கமே அதன் சிறப்பு; குறையும் அதிலேயே தோன்றியது. சிறு பொருளை இருவிரலால் எடுக்க வல்லதா என்பது ஒரு வினா. பெரும்பாலான குழந்தைகள் முதலாண்டு முடியுமளவில் எய்தும் இத்திறன் மூன்று வயதினரை வேறுபடுத்திக் காட்டமாட்டாது. மறுபுறம், 10 எழுத்துக்களையேனும் அறியுமா, 4 எளிய சொற்களை வாசிக்குமா என்னும் வினாக்களும் இருந்தன. இவை வளர்ச்சியை அளப்பனவோ, வீட்டிலுள்ள ஏடுகளை அளப்பனவோ? 247 எழுத்துக்களையுடைய தமிழ் நெடுங்கணக்கிற் பத்தும், 26 எழுத்துக்களையுடைய ஆங்கில நெடுங்கணக்கிற் பத்தும் நிகரெனக் கொள்ளுதல் பொருந்துமோ? மூன்று வயதுக் குழந்தைக்கும் ஐந்தை அணுகும் குழந்தைக்கும் ஒரே எல்லையை வகுத்தமை மற்றொரு வழு.

இவ்வழுக்கள் ஏட்டளவில் நில்லா. புத்தகமும் முன்பள்ளியும் இல்லாத ஊரின் குழந்தைகள் பின்தங்கியோர் எனக் கணக்கிடப்படுவர். வசதியின் குறை பிள்ளையின் குறையாகவும், ஈற்றில் தாயின் குறையாகவும் மாறிவிடும்.

2020 இல் வெளிவந்த புதிய சுட்டெண் இக்குறைகளிற் பலவற்றை நீக்கியது. வினாக்கள் 20 ஆயின. 24 மாதக் குழந்தையும் கணிப்பினுட் சேர்க்கப்பட்டது. வயதுக்கேற்ப எல்லையும் உயர்ந்தது. ஆயினும், எழுத்தறிவு பற்றிய வினா முற்றாக அகலவில்லை. 2023 இல் உலக சுகாதார நிறுவனம் மூன்று வயதுக்குட்பட்டோர்க்கென வெளியிட்ட அளவைகளோ, பராமரிப்போரை வினவும் குறுவடிவம், குழந்தையை நேரிற் காணும் நெடுவடிவம் என இருவகைப்பட்டு, ஒரே அளவுகோலில் அமைந்தன. வினவிப் பெற்ற விடையை நேரிற் கண்டதனோடு ஒப்புநோக்க இடமளித்தலின், நடையும் மொழியும் பயிலும் பருவத்தினரை அளத்தற்கு இவை மிகவும் ஏற்புடையன.

எனினும், எக்கருவியும் தன் எல்லை கடந்து பேசலாகாது. ஊருக்கென வகுத்த எண்ணைத் தனிக் குழந்தையின் தலையெழுத்தாக்குதல் பெரும் பிழை. குறைந்த எண் காணப்படுமிடத்து முதலில் வினவப்பட வேண்டியவர் குழந்தையல்லர். அதற்கு ஏடும் உணவும் விளையாட்டும் அளிக்கக் கடமைப்பட்டோரே.