பாடநூலின் சீரான புலமும் தில்லியின் முடுக்கியும்

தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் என்ற குடிசைக் குடியிருப்பின் தமிழ்க் குழந்தைகள் பலர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் பயின்றவர்கள். அப்பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், என்.சி.இ.ஆர்.டி. பாடநூலையே பின்பற்றுகிறது. மின்னூட்டம் பெற்ற துகள்கள் மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் இயங்கும் முறையை அந்நூல் கற்பிக்கும் விதம் பாராட்டுக்கும் கண்டனத்துக்கும் ஒருசேர உரியது.

எங்கும் ஒரே வலிமையும் ஒரே திசையும் கொண்ட சீரான புலத்தை எடுத்துக்கொள்வது அதன் முதல் பலம். காந்த விசை எப்போதும் துகளின் திசைவேகத்துக்குச் செங்குத்தாக இருப்பதால் அது வேலை செய்வதில்லை. எனவே துகளின் வேகம் மாறாமல் திசை மட்டும் வளைந்து, புலத்துக்குச் செங்குத்தாக நுழையும் துகளின் பாதை வட்டமாகிறது. ஆற்றலைக் கூட்டுவதும் குறைப்பதும் மின்புலத்தின் பணி. வட்டத்தைச் சுற்றும் நேரம் வேகத்தைப் பொறுத்ததல்ல என்ற வியப்பான முடிவும் இங்கே எளிதாகக் கிடைக்கிறது: ஒரு டெஸ்லா புலத்தில் புரோட்டான், மெதுவாகச் சென்றாலும் விரைவாகச் சென்றாலும், நொடிக்குச் சுமார் 1.5 கோடி முறை சுற்றும். ஒளியின் வேகத்தை நெருங்கும்போதுதான் இது பிழைபடும்.

இந்த முடிவின் பயனைச் சொன்ன பகுதியே 2022-இல் பாடச்சுமையைக் குறைக்கும் நோக்கில் நீக்கப்பட்டது. இரு புலங்களும் சேர்ந்து செயல்படும் இயக்கம், குறிப்பிட்ட வேகமுடைய துகளை மட்டும் நேராகச் செல்லவிடும் திசைவேகத் தேர்ந்தெடுப்பான், துகள்களைச் சுற்றவைத்து முடுக்கும் சைக்ளோட்ரான் ஆகியவை அதில் இருந்தன. சுற்றும் நேரம் மாறாததால்தான், ஒரே அதிர்வெண்ணில் மாறும் மின்னழுத்தம் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் துகளைச் சரியான கணத்தில் உந்த முடிகிறது. சைக்ளோட்ரானை உருவாக்கிய இயற்பியலாளர் லாரன்ஸ் 1930-களில் பெர்க்லியில் செய்துகாட்டியது இதையே. இவ்விளக்கம் இல்லாதபோது அந்தச் சூத்திரம் வெறும் தேர்வு விடையாகிவிடுகிறது. பாடநூலே முழு ஆதாரமாக உள்ள வீடுகளில் இவ்விழப்பு கடுமையானது. கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டு, தகுதியுடையவை என ஏற்கப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்ட நிலையில், பழைய பள்ளிக்கு வர நீண்ட பயணம் தேவைப்படும் மாணவருக்கு நூல் முழுமையாக இருப்பது இன்னும் அவசியம்.

நீக்கப்பட்ட கருத்துக்கு உயிருள்ள சான்று அதே நகரத்தில், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அருகே உள்ளது. பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தின் பெல்லட்ரான் என்ற முடுக்கியில், எதிர்மின் அயனிகள் ஒன்றரைக் கோடி வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் கொண்ட முனையத்தை நோக்கி ஈர்க்கப்படுகின்றன. அங்கே மெல்லிய கரித்தகடு அவற்றின் எலக்ட்ரான்களை உரித்து நேர்மின் அயனிகளாக்க, ஈர்த்த முனையமே அவற்றைத் தள்ளுகிறது. ஒரே மின்னழுத்தம் இருமுறை பயன்படுகிறது. ஒன்பது அலகு நேர்மின்னூட்டம் பெற்ற அயனி, முழு மின்னழுத்தத்தில், சுமார் 150 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடன் வெளிவரும். அதன்பின் காந்தம் கற்றையை வளைத்து, வேண்டிய அயனிகளைப் பிரித்தெடுக்கிறது. முடுக்குவது மின்புலம், வளைப்பது காந்தப்புலம் என்ற வேலைப்பிரிவினை இங்கே கண்ணெதிரே நிற்கிறது.

சீரான புலத்தின் எல்லையும் இதே இடத்தில் வெளிப்படுகிறது. கற்றை சிதறாமல் குவிவதற்கு நான்குமுனைக் காந்தங்கள் தேவை. அவற்றில் விசை அச்சிலிருந்து விலக விலக வளர்கிறது. அத்தகைய காந்தம் ஒரு தளத்தில் குவித்து மறுதளத்தில் விரிப்பதால், இரண்டு மூன்றை அடுத்தடுத்து வைக்கிறார்கள். புலம் சீரற்றிருப்பது குறையன்று, கருவியின் ஆதாரமே என்பதைக் கணக்கின்றி இரு பத்திகளில் விளக்கலாம். நீக்கிய பகுதியை மீட்கும்போது இதற்கும் இடமளித்தால் பாடச்சுமை கூடிவிடாது.