குவாமன் போமாவின் நூலில் வரலாற்றுப் பிழைகள்

பெரு நாட்டுத் தொல்குடியினராகிய குவாமன் போமா தே அயாலா, இசுபானிய வேந்தன் மூன்றாம் பிலிப்புக்கு வரைந்த நெடிய முறையீட்டு நூல் 1615 அளவில் முடிவுற்றது. ஏறத்தாழ 1,200 பக்கங்களும் 398 ஓவியங்களும் கொண்ட அந்நூல், 1908-இல் கோப்பன்கேகன் அரசு நூலகத்தில் கண்டறியப்பெற்று, 1936-இல் பாரிசில் அச்சாயிற்று. அதனை வரலாறெனக் கொண்டு அதன்கண் உள்ள பிழைகளை எண்ணிக் காட்டியோர் உளர். பிழை உண்டென்பதை யாமும் மறுக்கிலேம். அவை எவ்விடத்து வருகின்றன என்பதே எம் வினா.

இன்கா மன்னன் அத்தகுவல்பா 1533-இல் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டான். நூலின் ஓவியமோ அவன் தலை கொய்யப்படுவதாகக் காட்டுகின்றது. 1572-இல் கூசுக்கோவில் உண்மையாகவே தலை கொய்யப்பட்ட தூபாக் அமாருவின் ஓவியமும் பெரிதும் அதே அமைப்பினது. இரு கொலையையும் ஒரு கொலையாகக் கண்டு தீட்டிய கை அது. அறியாமை என்று தள்ளுதல் எளிது, பொருந்தாது.

மற்றோர் ஓவியத்தில் உவைனா காபாக் மன்னன், காந்தியா என்னும் இசுபானியனிடம் பொன்னை நீட்டி, இதனைத்தான் உண்பீரோ என்று கெச்சுவா மொழியில் வினவுகின்றான். ஆம் என்பது இசுபானிய மொழியில் வரும் விடை. அவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டவரல்லர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாதாயினும் வினாவும் விடையும் இயைந்து நிற்றலே இதன்கண் உள்ள அங்கதம். இதனை நாள்குறிப்பாக வைத்து அளத்தல் தகுமோ?

பெரும்பிழை எனப்படுவது பிறிதொன்று. உவாசுகார் மன்னனின் தூதராகத் தம் தந்தை தும்பேசில் இசுபானியரை அமைதியாக வரவேற்றார் என்கின்றார் ஆசிரியர். போரால் வென்றோம் என்பது வந்தவர் கொண்ட உரிமை. போரே நிகழாதாயின் அவ்வுரிமை நில்லாது. 1600-இல் நில வழக்கொன்றில் தோற்று, 200 கசையடியும் ஈராண்டு நாடுகடத்தலும் தீர்ப்பாகப் பெற்றவர் அவர். வழக்குரைக்கும் நெறி அவர் நன்கறிந்ததே.

எனினும் அவரைக் குறையிலராக்க யாம் முற்படவில்லை. 1560-களில், பழைய தெய்வங்கள் எழுந்து இசுபானியரை ஓட்டும் என்று ஆடிப்பாடிய தாக்கி ஒங்கோய் இயக்கத்தை ஒடுக்கிய அல்போர்னோசு என்னும் குருவுக்கு அவர் துணைநின்றார். நூலிலும் அவரைப் புகழ்கின்றார். கலப்பினத்தார் மீது அவர்க்குள்ள வெறுப்பும் கடுமையானது. தந்தையின் தூதுக்கு நாம் கண்ட அமைதி இவற்றுக்குக் கிடைத்திலது.