பன்யன் காட்டும் பாவத்தின் வேடம்

உருவகக் கதைகளின்மீது நெடுங்காலமாகச் சாற்றப்பட்டு வரும் குற்றம் ஒன்றுண்டு. அவற்றில் வரும் மாந்தர் தம் இயல்பை நெற்றியில் எழுதிக்கொண்டே வருகின்றனர் என்பதே அது. பொறாமை பொறாமை என்ற பெயரோடும், ஐயம் ஐயம் என்ற பெயரோடும் வந்து நிற்கும். பெயரைப் படித்த அளவிலேயே வாசகன் விழிப்படைந்து விடுகிறான். பாவத்தின் தனி இயல்போ வஞ்சனை. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் மூன்றாம் அதிகாரம், அவ்வஞ்சனையால் உள்ளம் கடினப்படாதபடி நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லுமாறு விசுவாசிகளை வேண்டுகிறது. அங்ஙனமாயின், பாவத்திற்குப் பெயர் சூட்டி நடமாடவிடும் நூல் ஒன்று அதன் வஞ்சனையை எவ்வாறு காட்ட இயலும்? வஞ்சகன் என்னும் பெயரோடு வருபவனிடம் ஏமாறுவார் யார்?

1678ஆம் ஆண்டில் வெளிவந்த ஜான் பன்யனின் மோட்சப் பயண நூலை இவ்வினாவோடு அணுகுதல் தகும். பன்யன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுது பார்க்கும் தொழிலாளி. அரசின் இசைவின்றிப் போதித்தமைக்காக 1660 முதல் 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டுச் சிறையில் இருந்தவர். மனித மனம் தன்னைத்தான் ஏய்க்கும் வழிகளை ஏட்டிலன்றித் தம்முள்ளேயே கண்டவர் அவர் என்பது நூல் முழுவதும் புலனாகிறது.

அந்நூலில் அப்பொல்லியோன் என்னும் கொடிய பகைவன் வருகிறான். உடலெல்லாம் மீன் செதில். வயிற்றிலிருந்து தீயும் புகையும் எழுகின்றன. கதைத் தலைவனாகிய கிறிஸ்தியான் அவனோடு அரைநாளுக்கு மேல் போரிட்டு வெல்கிறான். சிறுவர் விரும்பிப் படிக்கும் பகுதி இதுவே. ஆயினும் இங்கே வஞ்சனை மிகச் சிறிது. பகைவன் பகைவனாகவே தோன்றுகிறான். ஆதலின் வாளை உருவ வேண்டும் என்பதில் ஐயமில்லை. பயணியை உண்மையில் வழி தவறச் செய்தவை வேறு. கதையின் தொடக்கத்திலேயே உலகஞானி என்னும் பெருமகன் எதிர்ப்படுகிறான். முதுகில் அழுத்தும் சுமையை இறக்க இத்துணை இடர்மிக்க வழி எதற்கு என்று பரிவோடு கேட்கிறான். ஒழுக்கம் என்னும் சிற்றூருக்குச் செல்லுமாறு அறிவுரை கூறுகிறான். தீயொழுக்கத்திற்கு அழைத்திருந்தால் கிறிஸ்தியான் செவி கொடுத்திருக்க மாட்டான். நன்மையின் பெயராலேயே நன்மையின் வழியிலிருந்து அவன் விலக்கப்படுகிறான். ஒழுக்கம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட ஆசிரியர்கள் சற்றே நின்று எண்ணத்தக்க இடம் இது.

புல்வெளிப் பாதைக் காட்சி இதனினும் நுட்பமானது. செல்லும் வழி கரடுமுரடாகிக் கால்கள் நோகின்றன. வேலிக்கு அப்பால் மெத்தென்ற புல்வெளி. அதன் பாதையும் நேர்வழியை ஒட்டியே செல்கிறது. அங்கே போகலாம் என்று முன்மொழிபவன் பகைவன் அல்லன். அப்பொல்லியோனை வென்ற கிறிஸ்தியானே. உடன்வரும் திடநம்பிக்கை மெல்லத் தயங்குகிறான், பின்னர் இணங்கிவிடுகிறான். இரவும் மழையும் வெள்ளமும் சூழ்ந்தபின், தான் முதலிலேயே அஞ்சியதாகவும், கிறிஸ்தியான் வயதில் மூத்தவன் என்பதால் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்றும் அவன் கூறுகிறான். மூத்தோரிடம் காட்டும் மதிப்பு நற்பண்பே. அந்நற்பண்பே ஈண்டு எச்சரிக்கையின் வாயை அடைத்துவிட்டது. நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லுக என்ற நிருபத்தின் கட்டளை எவ்விடத்தில் முறிகிறது என்பதை இத்துணைச் சுருக்கமாகக் காட்டிய இலக்கியப் பகுதி அரிது. இருவரும் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் சந்தேகக் கோட்டையில், புதன் காலை முதல் சனி இரவு வரை அடைபட்டுக் கிடக்கின்றனர். வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததை அதன் பின்னரே கிறிஸ்தியான் நினைவுகூர்கிறான். தப்பி வந்ததும், பின்வருவோர் அறியும்பொருட்டு வேலியருகே எச்சரிக்கைத் தூண் ஒன்றை அவர்கள் நாட்டுகின்றனர்.

முதலில் எழுப்பிய வினாவுக்குப் பன்யன் தரும் நேர்விடை முகத்துதிக்காரன் பகுதியில் உள்ளது. இன்ப மலைகளின் மேய்ப்பர்கள் பயணிகளுக்கு வழிக்குறிப்பு ஒன்றைக் கொடுத்து, முகத்துதிக்காரனைக் குறித்து எச்சரித்தே அனுப்புகின்றனர். பின்னர்ப் பாதை இரண்டாகப் பிரிகிறது; இரண்டும் நேராகவே தோன்றுகின்றன. ஒளிரும் ஆடை போர்த்த ஒருவன் வந்து, தானும் அவ்வானக நகருக்கே செல்வதாகக் கூறி முன்னே நடக்கிறான். பாதை சிறிது சிறிதாகத் திரும்புகிறது. முகம் நகருக்குப் புறங்காட்டிய பின்னரும் அவர்கள் அவனையே பின்பற்றுகின்றனர். வலையில் சிக்கிய பிறகே வெள்ளாடை நழுவுகிறது. இவ்விடத்தில் பன்யன் அவனுக்கு முன்கூட்டிப் பெயர் சூட்டவில்லை என்பது நோக்கத்தக்கது. வாசகனும் பயணியரோடு சேர்ந்தே நடந்து ஏமாறுகிறான். ஏன் மேய்ப்பரின் சொல்லை மறந்தீர் என்று பின்னர் வினவப்படுகையில், இத்துணை இனிமையாகப் பேசுபவன் அவனாக இருப்பான் என்று நினைக்கவில்லை என்கின்றனர். பாவத்தின் பெயரை அவர்கள் மனப்பாடமாக அறிந்திருந்தனர், முகத்தை அறிந்திலர். கையில் இருந்த வழிக்குறிப்பையோ எடுத்துப் பார்க்கவுமில்லை.

இந்நூலைத் தழுவி ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. வைணவக் குடியில் பிறந்து, கம்பனில் தோய்ந்தபின் கிறித்துவைத் தழுவியவர் அவர். பொன்மானும் தவவேடம் பூண்ட இராவணனும் தமிழ் வாசகனின் நெஞ்சில் முன்னரே பதிந்தவை. ஆதலின் வேடத்தை நம்பிக் கெடுதல் என்னும் பொருள் தமிழ்க் காப்பியத்திற்குப் புதிதன்று. பன்யனின் கடைத்தெருப் பேச்சு விருத்தத்தில் மறைந்து, நல்லோரும் தீயோரும் ஒரே பெருமித நடையில் பேச நேர்கிறது எனக் குறை கூறலாம். அக்குறை பெரும்பாலான இடங்களில் உண்மையே. எனினும் வஞ்சகரின் உரையாடல்களுக்கு அந்நடை வேறொரு வகையில் பொருந்துகிறது. அடியாரின் மொழியும் ஏய்ப்போனின் மொழியும் செவிக்கு ஒன்றுபோல் ஒலிக்கும்போது, ஓசையில் மயங்காது பொருளை ஆராயும் கடமை வாசகனைச் சேர்கிறது. சிலுவையருகே சுமை விழுதலைப் பன்யன் சில வரிகளில் முடித்துவிட, பிள்ளையவர்கள் கிறித்துவின் பாடுகளை இரட்சணிய சரிதப் படலத்தில் விரிவாகப் பாடியிருப்பதும் வெறும் காப்பிய அலங்காரமன்று. வேடத்தை இனங்காண மெய்யுருவை நெடிது நோக்கிப் பழகியிருக்க வேண்டும்.

பன்யனின் நூலில் இன்னொருவன் இருக்கிறான். அறிவீனன் என்பது அவன் பெயர். அவனை ஏய்ப்பவர் எவருமிலர். தொழுகை, நோன்பு, தசமபாகம், தருமம் என எல்லாவற்றையும் கணக்குக் காட்டுகிறான். இடுக்கமான வாசல் வழியே நுழையாமல், கோணல் சந்து ஒன்றின் வழியாகப் பாதைக்கு வந்தவன். கிறிஸ்தியான் மூழ்கித் தத்தளித்துக் கடந்த மரண ஆற்றை, வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரனின் படகிலேறி அவன் எளிதாகக் கடந்து விடுகிறான். நகர வாசலில் சான்றிதழ் கேட்கப்பட்டபோது மடியைத் துழாவுகிறான், ஒன்றுமில்லை. கைகால் கட்டப்பட்டு, குன்றின் பக்கத்திலிருந்த கதவு வழியே நரகத்திற்குள் தள்ளப்படுகிறான். பயணிகள் இருவரும் எக்காள ஒலியோடு நகருள் புகுந்த காட்சி அதற்குமுன்பே முடிந்துவிட்டது. பன்யன் அதனோடு நிறுத்தவில்லை. அந்தக் கதவைக் கண்ட பின்னரே கனவிலிருந்து விழித்துக்கொள்கிறார்.